ஃபியூஸ் காப்பாத்துறது வயரைத்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரைல ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கேன், கார் வயரிங்தான் தொழில். உங்க பேப்பர் தினமும் கடைக்கு வருது. ஓடிட்டு இருந்த கார் நடுரோட்ல தீப்பிடிச்சு எரிஞ்சதுன்னு செய்தி வர்றப்பெல்லாம் கடைசி வரில மின்கசிவு காரணமா இருக்கலாம்னு முடிஞ்சிடுது. போலீஸ் சொல்றத நீங்க போடுறீங்க, அதுல தப்பு சொல்ல வரல. ஆனா எந்த வயர் சூடாச்சு, ஏன் சூடாச்சு, ஃபியூஸ்னு ஒண்ணு இருந்தும் அது ஏன் போகல, நம்ம வீட்டு வாசல்ல நிக்கற வண்டிலயும் அதே மாதிரி எதாவது இருக்கா, இதெல்லாம் படிக்கறவங்களுக்கு தெரிஞ்சாதானே அடுத்த வண்டி தப்பிக்கும். அதனால கார்ல கரண்ட் எப்படி ஓடுதுங்கறத எனக்கு தெரிஞ்ச அளவுக்கு எழுதுறேன், கொஞ்சம் நீளமாதான் இருக்கும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

கடைக்கு வர்றவங்க பாதி பேரு சொல்றது, கார் பேட்டரி வெறும் 12 வோல்ட்தானே, தொட்டா ஷாக் கூட அடிக்காது, அது என்ன பண்ணிடப்போவுதுன்னு. ஷாக் அடிக்காதுங்கறது வாஸ்தவம். ஆனா வயரை சூடாக்குறது அதுல ஓடுற ஆம்பியர், அதாவது கரண்ட்டோட அளவு, அந்த ஆம்பியர் கார்ல ரொம்ப ஜாஸ்தி. வீட்ல 1.5 டன் ஏசி ஓடுறதுக்கு ஏழு, எட்டு ஆம்பியர் போதும், ஆனா ஒரு சின்ன பெட்ரோல் கார்ல சாவியை திருப்பி செல்ஃப் அடிக்கற அந்த ரெண்டு செகண்டுக்கு பேட்டரி 150 ஆம்பியருக்கு மேல குடுக்குது, டீசல் வண்டின்னா இன்னும் மேல. அதே பேட்டரியோட பிளஸ்ஸையும் மைனஸையும் ஒரு ஸ்பேனர் கை தவறி சேத்துடுச்சுன்னா அதைவிட பல மடங்கு பாயும், ஸ்பேனர் டெர்மினல்ல ஒட்டிக்கிட்டு பழுக்க ஆரம்பிச்சிடும். அதனாலதான் பேட்டரில கை வைக்கறதுக்கு முன்னாடி மோதிரம், காப்பு, ஸ்டீல் ஸ்ட்ராப் வாட்ச் எல்லாம் கழட்டிடணும்னு பையன்களுக்கு முதல் நாளே சொல்லிடுவோம்.

இப்ப பேட்டரிக்கு வர்றேன். உள்ள ஆறு செல், ஒவ்வொண்ணும் சுமார் 2.1 வோல்ட், ஆறும் சேந்து ஃபுல் சார்ஜ்ல 12.6 வோல்ட். வண்டி ராத்திரி பூரா நின்னு காலைல மல்டிமீட்டர், அதாவது வோல்ட் அளக்கற மீட்டர் வச்சு பாத்தா 12.6 இருந்தா நல்லாருக்கு, 12.2 இருந்தா பாதிதான் இருக்கு, 12க்கு கீழ போயிடுச்சுன்னா காலி ஆகப்போவுதுன்னு அர்த்தம். நிறைய பேரு நினைக்கறது வண்டி ஓடுறப்ப லைட்டு, ஏசி, பாட்டு எல்லாம் பேட்டரில இருந்து ஓடுதுன்னு. அப்படி இல்லீங்க. பேட்டரிங்கறது கையிருப்பு, ஆல்டர்னேட்டர்தான் சம்பாத்தியம், எங்க ஆளுங்க இன்னும் பழக்கத்துல டைனமோன்னுதான் சொல்லுவாங்க. எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் பெல்ட் அதை சுத்துது, அப்புறம் வண்டியோட எல்லா செலவையும் அதுதான் பாத்துக்குது, மிச்சத்தை பேட்டரிக்கு திருப்பி ஏத்துது. எஞ்சின் ஓடுறப்ப டெர்மினல்ல 13.8ல இருந்து 14.5 வோல்ட் வரைக்கும் காட்டணும். 12.4ன்னு நின்னுட்டு மெதுவா இறங்கிட்டே போனா சார்ஜ் ஏறல, 15க்கு மேல போனா சார்ஜை அளவா வைக்கற ரெகுலேட்டர் போயிடுச்சு, பேட்டரி கொதிச்சு நாறும். புதுசா வர்ற சில வண்டில மட்டும் பெட்ரோல் மிச்சம் பண்றதுக்காக கம்ப்யூட்டரே சார்ஜிங்கை கூட்டி குறைக்கும், அப்ப கொஞ்ச நேரம் 12.8ன்னு காட்டினா பயப்பட வேண்டாம்.

செல்ஃப் அடிச்சா பேட்டரியே தீந்துடும்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு, கணக்கு போட்டு பாருங்க, 150 ஆம்பியர் ரெண்டு செகண்ட்ங்கறது பத்துல ஒரு பங்கு ஆம்பியர் ஹவர் கூட கிடையாது (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு ஆம்பியர் ஹவர்), ஒழுங்கா சார்ஜ் ஏறுற வண்டில அது ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல திரும்பி வந்துடும். ஆனா ஹெட்லைட்டை மறந்து எரியவிட்டு கல்யாண மண்டபத்துக்குள்ள போயிட்டா ரெண்டு பல்பும் சேந்து 10 ஆம்பியர், மூணு மணி நேரத்துல 30 போச்சு, 35 ஆம்பியர் ஹவர் பேட்டரில என்ன மிஞ்சும். பெரிய கரண்ட் கொஞ்ச நேரம் ஓடுனா தாங்கிடும், சின்ன கரண்ட் ரொம்ப நேரம் ஓடுனா படுத்துடும்.

அந்த காலத்துல காரை ஸ்டார்ட் பண்ண முன்னாடி கம்பி விட்டு கையால சுத்தணும், எஞ்சின் திருப்பி அடிச்சா கை முறியும். 1912ல அமெரிக்காவுல கேடிலாக் கார்ல சார்லஸ் கெட்டரிங் கொண்டு வந்த எலக்ட்ரிக் செல்ஃப்தான் அதை மாத்துச்சு, பெரிய பேட்டரி கார்ல நிரந்தரமா இடம் பிடிச்சதும் அதனாலதான். பிறகு பல வருஷம் டிசி டைனமோதான், நம்ம பழைய அம்பாசிடர்ல பாத்தவங்களுக்கு தெரியும், சிக்னல்ல ஐடிலிங்ல நின்னா லைட்டு மங்கிடும், ஏன்னா அந்த ஆர்பிஎம்ல டைனமோ ஒண்ணும் தராது. 1960ல கிறைஸ்லர் கம்பெனி வேலியன்ட் கார்ல ஆல்டர்னேட்டரை போட்டதுக்கு அப்புறம் உலகம் பூரா மாறிடுச்சு. அதுல சுத்துற காயிலுக்கு கார்பன் பிரஷ் வழியா கொஞ்சம் கரண்ட் குடுப்பாங்க, சுத்தி நிக்கற காயில்ல மூணு பேஸ் ஏசி உண்டாகும், கரண்ட்டை ஒரே பக்கமா மட்டும் விடற டையோடு அதை டிசியா மாத்தும், எவ்வளவு வேணுமோ அதுக்கு தக்கன சுத்துற காயில் கரண்ட்டை ரெகுலேட்டர் கூட்டி குறைக்கும், ஐடிலிங்லயே ஓரளவு சார்ஜ் வந்துடும். சென்னை பாடி பக்கம் போனவங்களுக்கு லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி தெரிஞ்சிருக்கும், செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் நம்ம ஊர்லயே பண்றாங்க.

இங்க ஒண்ணு அழுத்தி சொல்லணும். டைனமோ காலத்துல இருந்து வந்த ஒரு பழக்கம் இன்னும் சில கடைல இருக்கு, எஞ்சின் ஓடிட்டு இருக்கறப்பவே பேட்டரி டெர்மினலை கழட்டி பாப்பாங்க, வண்டி ஆஃப் ஆகலன்னா சார்ஜிங் நல்லாருக்குன்னு சொல்லுவாங்க. தயவு செஞ்சு யாரையும் உங்க வண்டில அப்படி பண்ண விடாதீங்க. ஆல்டர்னேட்டர் முழு வேகத்துல கரண்ட் தர்றப்ப பேட்டரியை திடீர்னு பிரிச்சா அந்த கரண்ட் போறதுக்கு இடம் இல்லாம வோல்டேஜ் ஒரு நொடி எகிறும், டையோடு போகலாம், கம்ப்யூட்டரே போகலாம். 500 ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்குது, அதை வச்சு பாத்தா முடிஞ்சுது.

அடுத்தது எர்த். கார்ல பிளஸ்ஸுக்கு மட்டும்தான் தனித்தனி வயர், மைனஸ் எல்லாம் பாடி தகடு வழியாவே பேட்டரிக்கு திரும்பி வருது. பேட்டரி மைனஸ்ல இருந்து ஒரு வயர் பாடிக்கு, ஒண்ணு எஞ்சினுக்கு, அவ்வளவுதான். அந்த எஞ்சின் எர்த் வயர்ல போல்ட் துரு ஏறிடுச்சுன்னா வண்டி பேய் புடிச்ச மாதிரி நடந்துக்கும், செல்ஃப் டக் டக்னு மட்டும் அடிக்கும், சென்சாரெல்லாம் தப்பு தப்பா ரீடிங் குடுக்கும். இதுக்கு பேட்டரியை மாத்தி, செல்ஃப் மோட்டாரை மாத்தி, பணத்தை கொட்டிட்டு வர்றவங்கள பாத்தா வயிறு எரியும். பாக்கறது சுலபம், மல்டிமீட்டர்ல ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொரு முனையை எஞ்சின்ல பெயிண்ட் இல்லாத இரும்புலயும் வச்சுக்கிட்டு ஒருத்தரை செல்ஃப் அடிக்க சொல்லுங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த எர்த் சரியில்ல, போல்ட்டை கழட்டி உப்புத்தாள் போட்டு தேச்சு இறுக்குனா போதும், பைசா செலவு இல்ல.

இனிமேதான் நான் எழுத உக்காந்த விஷயமே.

ஃபியூஸ் எதுக்கு இருக்குன்னு கேட்டா எல்லாரும் சொல்றது ஹார்னையும் பாட்டு செட்டையும் காப்பாத்தன்னு. அது இல்லீங்க, ஃபியூஸ் இருக்கறது வயரை காப்பாத்த. கம்பெனில ஒவ்வொரு வயரும் எத்தனை ஆம்பியர் தாங்கும்னு பாத்து, அந்த வயர் சூடாகி மேல இருக்கற பிளாஸ்டிக் உருகுறதுக்கு முன்னாடி போயிடற மாதிரி ஃபியூஸை வச்சிருப்பாங்க. கலரை பாத்தே சொல்லிடலாம், 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஹார்ன் லைன்ல சிவப்பு ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு யாரோ ஒருத்தர் அங்க பச்சையை சொருகிடறாங்க, ஹார்ன் அடிக்குது, வண்டிக்காரருக்கு சந்தோஷம். ஆனா 10 ஆம்பியருக்குன்னு போட்ட மெல்லிசு வயர் இப்ப 30 ஆம்பியர் வரைக்கும் எந்த தடையும் இல்லாம எடுக்கும், எங்கயாவது ஷார்ட் ஆனா முதல்ல போறது ஃபியூஸ் இல்ல, வயர். இதைவிட மோசம், போன ஃபியூஸ் மேல ஒரு செப்பு இழையை சுத்தி விடுறது, சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளை மடிச்சு வைக்கறது. ஃபியூஸ் பாக்ஸை திறந்தா இப்ப கூட இதெல்லாம் கண்ணுல படுது, அந்த வண்டில பின் சீட்ல குழந்தைங்களோட ஸ்கூல் பேக் கிடக்கும். ஃபியூஸ் ஒண்ணு பத்து இருபது ரூபாய்தான். அடிக்கடி போகுதுன்னா எதையோ சொல்லுது, அந்த லைன்ல எங்கயோ வயர் உரசுது இல்லன்னா மோட்டார் இறுகுதுன்னு. அதை தேடணும், வாயை அடைக்க கூடாது.

ஹெட்லைட் பல்பு கதையை எடுங்க. ஹாலஜன் பல்பு போட்ட பல வண்டில கம்பெனி தர்றது எச்4, 60/55 வாட், பல்புக்கு 5 ஆம்பியர். வெளிச்சம் பத்தலன்னு கடைல 100/90 வாட் பல்பு வாங்கி மாட்டுவாங்க, பல்புக்கு 8 ஆம்பியருக்கு மேல போயிடுது. கரண்ட் ஒன்றரை மடங்குக்கு கொஞ்சம் மேலதானே ஏறுச்சுன்னு தோணும், ஆனா வயர்ல உண்டாகற சூடு கரண்ட்டோட இருமடிக்கு ஏறும், அதனால சூடு கிட்டத்தட்ட மூணு மடங்கு. ஃபியூஸுக்கு அது அளவுக்குள்ளதான் தெரியும், போகாது. கொஞ்ச மாசம் கழிச்சு பல்புக்கு பின்னாடி இருக்கற கப்ளரை கழட்டி பாத்தா வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு ஓரம் உருகி வழிஞ்சு, உள்ள இருக்கற பித்தளை பின் நீலம் பாய்ஞ்சு கிடக்கும், வயர் தோல் விரலால தொட்டா அப்பளமா உடையும். வெளிச்சமும் அந்த சூட்டுலயே போயிடுது, பல்புக்கு போய் சேர்றது 12 இல்ல, 11 வோல்ட்தான்.

அதிக வெளிச்சம் நிஜமாவே வேணும்னா முறை இருக்கு, ரிலே போடணும். ரிலேல நாலு கால், 30, 85, 86, 87ன்னு நம்பர் போட்டிருக்கும். ஸ்டியரிங் பக்கத்துல இருக்கற ஸ்விட்ச்ல இருந்து வர்ற பழைய வயர் 85, 86ல போய் உள்ள இருக்கற காயிலை மட்டும் இழுக்கும், அதுக்கு 0.2 ஆம்பியர் கூட வேண்டாம். காயில் டக்குன்னு இழுத்ததும் 30ம் 87ம் சேரும், பேட்டரில இருந்து ஃபியூஸ் வழியா தடிமனான புது வயர்ல வர்ற கரண்ட் நேரா லைட்டுக்கு போயிடும். ஸ்விட்சும் பழைய வயரும் சூடாகவே ஆகாது. ஆனா கடைல தொங்குற ரிலே கிட் எல்லாம் நம்பாதீங்க, வெளில பாத்தா பென்சில் தடிமன் இருக்கும், தோலை உரிச்சா உள்ள பத்து பதினஞ்சு இழைதான். சிலதுல செம்பே கிடையாது, அலுமினியத்துக்கு மேல செம்பு பூசுனது, பிளேடால ஒரு இழையை சுரண்டி பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா வைக்காதீங்க.

சரி, ஃபியூஸ் கரெக்டா போட்டாச்சு, அப்ப பயமில்லையான்னு கேட்டா, இல்ல, இன்னும் ஒண்ணு இருக்கு, ரொம்ப பேருக்கு தெரியாதது. ஜாயிண்ட். கம்பெனி வயரோட தோலை சீவி, புது வயரை அதுமேல கையால முறுக்கி, கருப்பு டேப் சுத்தி விடுறாங்கல்ல, அந்த இடம். எஞ்சின் சூட்டுல டேப் பசை இளகி விலகும், வண்டி அதிர்வுல முறுக்கு தளரும், தண்ணி படும், பச்சை பூக்கும். அப்ப அந்த இடத்துல பத்துல ஒரு ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துடுச்சுன்னு வைங்க, அது வழியா 15 ஆம்பியர் ஓடுனா அந்த ஒரு புள்ளில மட்டும் 22 வாட்டுக்கு மேல சூடு. எங்க கடைல ஈயம் பத்த வைக்கற சால்டரிங் அயர்னே 25 வாட்தான். ஈயத்தை உருக்குற சூடு டேஷ்போர்டுக்குள்ள, பிளாஸ்டிக்குக்கும் கார்ப்பெட்டுக்கும் நடுவுல உக்காந்திருக்கு, யாருக்கும் தெரியாது. ஃபியூஸ் போகாது, ஏன்னா கரண்ட் கூடல, ரெசிஸ்டன்ஸ் வந்ததால உண்மையில கொஞ்சம் குறைஞ்சுதான் இருக்கும். ஃபியூஸ் நல்லாதானே இருந்துச்சு, எப்படி எரிஞ்சதுன்னு கேக்கற வண்டில பாருங்க, பல இடத்துல இதுதான் கதை. அதனால ஜாயிண்ட்டுன்னா அழுத்தி கிரிம்ப் பண்ணணும் இல்லன்னா ஈயம் வச்சு, மேல சூடு காட்டுனா சுருங்கற ஸ்லீவ் போடணும், அசையாத மாதிரி கட்டணும்.

இன்னொரு இடம், எஞ்சின் ரூம்ல இருந்து உள்ள வர்ற ஓட்டை. தகடுல ஓட்டை போட்டு வயரை அப்படியே நுழைச்சிடறாங்க, தகடு விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், அதிர்வுல வயர் தோலை கொஞ்சம் கொஞ்சமா அறுத்துட்டே இருக்கும். தகடுதான் எர்த்துன்னு முன்னாடியே சொன்னேன், செம்பு தகடை தொட்ட நிமிஷம் நேர் ஷார்ட். அந்த வயர் பேட்டரில இருந்து ஃபியூஸ் இல்லாம வந்திருந்தா நிறுத்தறதுக்கு வழியே இல்ல, வயர் முழு நீளத்துக்கும் சிவந்து எரியும். ஓட்டைல ரப்பர் வளையம் ஒண்ணு போட்டிருந்தா வந்திருக்காது. அதே மாதிரி பேட்டரில இருந்து எடுக்கற எந்த வயருக்கும் ஃபியூஸ் பேட்டரிக்கு பக்கத்துலயே, ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். ஆம்ப்ளிஃபையருக்கு டிக்கில ஃபியூஸ் இருக்கு சார்னு சொல்லுவாங்க, பேட்டரில இருந்து டிக்கி வரைக்கும் சீட்டுக்கு அடில போற பதினஞ்சு அடி வயரை யார் காப்பாத்துறது.

புது வண்டில விஷயம் இன்னும் கஷ்டம். ஜெர்மனியோட பாஷ் கம்பெனி 1986ல வெளியிட்ட கேன்னு ஒரு முறை இருக்கு, ஒண்ணோட ஒண்ணு முறுக்குன ரெண்டு மெல்லிசு வயர்ல எஞ்சின் கம்ப்யூட்டர், பிரேக், ஏர்பேக், மீட்டர் போர்டு எல்லாம் பேசிக்கும். முன்ன மாதிரி ஒரு ஸ்விட்ச்சுக்கு ஒரு வயர்னு நினைச்சுக்கிட்டு டெஸ்ட் லைட்டை குத்தி லைன் தேடுனா, அந்த டெஸ்ட் லைட் பல்பே அரை ஆம்பியர் கிட்ட இழுக்கும், மில்லி ஆம்பியர்ல வேலை செய்யற கம்ப்யூட்டர் காலு அதை தாங்காது. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6ங்கற புகை கட்டுப்பாட்டு விதி வந்ததுக்கு அப்புறம் சென்சார் இன்னும் கூடிப்போச்சு. சீட்டுக்கு அடில மஞ்சள் கலர் கப்ளர் பாத்தீங்கன்னா அது ஏர்பேக் லைன், சீட் கவர் மாத்தறப்ப கூட அதை இழுக்க விடாதீங்க.

டேஷ்கேம், ஜிபிஎஸ் இதெல்லாம் மாட்டறவங்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாம் ஆஃப் பண்ணி பூட்டுன வண்டி கூட கடிகாரம், அலாரம்னு 0.05 ஆம்பியருக்குள்ள எடுத்துட்டேதான் இருக்கும், அது சரிதான், ரெண்டு வாரம் நின்னாலும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரில பாதி இருக்கும். ராத்திரியும் ரெக்கார்டு பண்ற கேமரா ஒண்ணு 0.3 ஆம்பியர் எடுத்தா ரெண்டரை நாள்ல பாதி காலி. அப்புறம் பேட்டரி கம்பெனிமேல சண்டைக்கு போறாங்க. நம்ம ஊர் வெயில்ல பேட்டரி ஏற்கனவே சீக்கிரம் தேயுது, அடிக்கடி முழுசா இறக்குனா சுத்தமா போயிடும்.

வண்டி வச்சிருக்கறவங்ககிட்ட நான் கேக்கறது பெரிய வேலை இல்ல. ஆக்சஸரி மாட்டுற கடைல பில்லு போடறதுக்கு முன்னாடி, லைன் எங்க இருந்து எடுத்தீங்க, ஃபியூஸ் எங்க வச்சிருக்கீங்க, எத்தனை ஆம்பியர், ஜாயிண்ட்டை காட்டுங்கன்னு கேளுங்க. காட்டலன்னா அங்க மாட்டாதீங்க. பழைய வண்டி வாங்கறவங்க எஞ்சின் ஆயிலை பாக்கற மாதிரி ஃபியூஸ் பாக்ஸ் மூடியையும் திறந்து பாருங்க, மூடிக்கு உள்பக்கம் எந்த இடத்துல எத்தனை ஆம்பியர்னு படம் போட்டிருக்கும், அதோட ஒத்துப்போகுதான்னு பாக்க அஞ்சு நிமிஷம் ஆகாது. வெளில நிறுத்தற வண்டின்னா எலி கடிச்சிருக்கான்னு பானட்டை தூக்கி அப்பப்ப பாருங்க, மழை காலத்துல சூட்டுக்கு உள்ள வந்து படுத்துக்கும். வண்டில 10 நம்பர் ஸ்பேனர் ஒண்ணு வச்சுக்கங்க, பெரும்பாலான கார்ல பேட்டரி டெர்மினல் நட்டு அந்த சைஸ்தான்.

ஓடுறப்ப பிளாஸ்டிக் கருகுற வாசனை வந்தா வீட்டுக்கு போய் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ஓரம் கட்டுங்க, முதல்ல டோர் லாக்கை எடுங்க, அப்புறம் சாவியை ஆஃப் பண்ணுங்க, எல்லாரும் இறங்கி தள்ளி போங்க. புகை வர்றப்ப பானட்டை முழுசா தூக்கக்கூடாது, காத்து உள்ள போனா ஒரே வீச்சுல பத்திக்கும். வெறும் வாசனைதான், புகை இல்லன்னா மட்டும் மைனஸ் டெர்மினலை கழட்டுங்க, அப்புறம் டோ பண்ணி எடுத்துட்டு வரலாம்.

2015 டிசம்பர்ல சென்னைலயும் 2023 டிசம்பர்ல சென்னை, தூத்துக்குடி, நெல்லை பக்கமும் தண்ணில முங்குன வண்டிங்க எத்தனையோ. தண்ணி வடிஞ்சதும் முதல் வேலையா சாவியை போட்டு ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்கறாங்க, அதுதான் வண்டியை கொல்றது. எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடே வளைஞ்சிடும், அது போக ஈரமா இருக்கற கப்ளர்ல கரண்ட் ஓடுனா பின்னெல்லாம் ராத்திரியோட ராத்திரியா பச்சை பூத்து அரிச்சிடும். சாவியை ஆன்ல கூட வைக்காம மைனஸை கழட்டிட்டு கடைக்கு கொண்டு வாங்க, கப்ளர் ஒவ்வொண்ணா பிரிச்சு காய வச்சா நிறைய வண்டி பொழைக்கும்.

கடைசியா அரசாங்கம் கவனிக்கணும்னு ஒண்ணு, உங்க பேப்பர் வழியாதான் போய் சேரணும். வீட்டுக்கு வயரிங் பண்ண லைசென்ஸ் எடுத்த ஆளு வேணும்னு சட்டம் இருக்கு, தமிழ்நாட்ல அதுக்குன்னு ஒரு லைசென்சிங் போர்டே இருக்கு. மணிக்கு 100 கிலோமீட்டர்ல போற, பெட்ரோல் டேங்க்கை சுமந்துட்டு போற காருக்கு ஹெட்லைட்டும் ஆம்ப்ளிஃபையரும் மாட்டற பையனுக்கு எந்த டெஸ்ட்டும் கிடையாது. பசங்கள குறை சொல்லல, யாரும் சொல்லிக் குடுக்கல. இருக்கற ஐடிஐல சாயங்காலம் ஒரு மாச கோர்ஸ் வச்சு, எந்த வயர் எத்தனை ஆம்பியர் தாங்கும், ஃபியூஸ், ரிலே, கிரிம்ப் இந்த நாலை சொல்லிக் குடுத்து ஒரு சர்டிஃபிகேட் தரட்டும், அதை கடைல மாட்டி வச்சாதான் ஆக்சஸரி விக்கலாம்னு வைக்கட்டும். என்னை மாதிரி தொழில் தெரிஞ்சவங்க மாவட்டத்துக்கு பத்து பேராவது வந்து சொல்லிக் குடுப்போம், சம்பளம் இல்லன்னாலும் நான் வரத் தயார். நீங்களும் அடுத்த தடவை ஒரு கார் எரிஞ்ச செய்தி போடறப்ப, அந்த வண்டில என்னென்ன வெளில மாட்டியிருந்தாங்க, லைன் எங்க இருந்து எடுத்திருந்தாங்கன்னு நிருபரை கேக்க சொல்லுங்க.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீசியன்,
மதுரை.